கம்பிக்குள் ஏறிய களிம்பு

பழைய ஃபிலிம் கேமரா ஒன்றின் அடித்தகட்டைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது பல்சக்கரங்களும் நெம்புகோல்களும்தான். ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் கம்பியை யாரும் உடனே கவனிப்பதில்லை. தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன், விரல் நீளம் இருந்தால் அதிகம். ஆனால் யஷிகா எலெக்ட்ரோ 35 மாதிரியான கேமராக்கள் பல, 'செத்துப்போச்சு' என்று பரணுக்குப் போனதற்குக் காரணம் பேட்டரி அறையிலிருந்து கிளம்பும் அந்தக் கம்பிதான். லென்ஸில் ஒரு கீறல் இருக்காது, ஷட்டர் இதழ்கள் புதிது போலத் திறந்து மூடும். ஒரு கம்பிக்காக இத்தனையும் குப்பைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

எலெக்ட்ரோ 35 ஜப்பானில் 1966-ல் வந்தது. அதுவரை பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சுருள்வில்லும் பல்சக்கரமும் தீர்மானித்தன. எந்த வேகம் வேண்டும் என்று படம் எடுப்பவர் கணக்குப் போட்டு வளையத்தைத் திருப்பி வைப்பார். இந்தக் கேமராவில் லென்ஸ் துவாரத்தின் அளவை மட்டும் நாம் வைத்தால் போதும். நேரத்தை மின்சுற்று பார்த்துக்கொள்ளும், 1/500 நொடியிலிருந்து 30 நொடி வரை.

எப்படிப் பார்த்துக்கொள்கிறது? கேமராவின் முகப்பில் காட்மியம் சல்ஃபைடால் ஆன சிறிய கண் ஒன்று இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும், இருட்டினால் ஏறும். அந்தக் கண்ணின் வழியே வரும் மின்சாரம் ஒரு மின்தேக்கியை நிரப்புகிறது. குழாயடியில் குடம் வைத்த மாதிரிதான் இது. வெயிலில் குழாய் முழுதாகத் திறந்துகொள்கிறது, குடம் கண் இமைப்பதற்குள் நிரம்பிவிடுகிறது. மாலை மங்கினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. குடம் நிரம்பும்வரை ஒரு மின்காந்தம் ஷட்டரை மூடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். நிரம்பியதும் பிடி விடும், இதழ்கள் மூடும். வெளிச்சத்தின் அளவு நேரத்தின் அளவாக மாறும் இந்த இடத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மின்சாரம் வராவிட்டால் மின்காந்தத்துக்குப் பிடிக்கத் தெம்பிராது. ஷட்டர் அப்போதும் அடிக்கும், ஆனால் எப்போதும் 1/500 நொடிதான். பொத்தானை அழுத்தினால் 'க்ளிக்' கேட்கிறது, ஃபிலிமும் நகர்கிறது. ஆள் நம்பிவிடுகிறார். வீட்டுக்குள் எடுத்த படங்களெல்லாம் கழுவி வந்த பிறகுதான், நெகடிவில் உருவமே விழவில்லை என்று தெரியும்.

இந்தக் கேமராவுக்கு அன்று போட்டது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் மண்ணுக்கும் நீருக்கும் நஞ்சு என்பதால் அந்த வகை விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அமெரிக்காவில் 1996-ல் சட்டமே வந்தது. இப்போது அந்த இடத்தில் 6 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் பொருத்துகிறார்கள். அதற்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடும் காரம். தீர்ந்துபோன பேட்டரியை அப்படியே மறந்து விட்டால் உள்ளே இருக்கும் துத்தநாகம் அரித்து ஹைட்ரஜன் வாயு சேரும், அழுத்தம் கூடும், அடைப்பு விட்டுக்கொடுக்கும். கசிந்த காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். பேட்டரி மூடியைத் திறந்ததும் உப்புப் பூத்த சுவர் மாதிரித் தெரிவது அதுதான்.

அந்தப் பொடியைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நோய் அதற்குள் கம்பி ஏறியிருக்கும். கசிந்த காரம் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த உலோகத்தின் மேல் மெல்லிய ஈரப்படலமாக ஊரும் தன்மை உடையது. படலத்தின் முன்விளிம்பில், உலோகத்திலிருந்து வரும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. அவற்றை நாடிப் பின்னாலிருந்து பொட்டாசியம் அயனிகள் வருகின்றன. இரண்டும் சேர்ந்தால் அந்த இடத்தில் புதிதாகக் காரம் பிறந்தாயிற்று. அது காற்றின் ஈரத்தை இழுக்கிறது, படலம் இன்னும் கொஞ்சம் முன்னே போகிறது. மேலே, கீழே என்ற பேதம் அதற்கில்லை. புவியீர்ப்பை எதிர்த்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளே, இழைகளின் இடுக்கு வழியாக ஏறிவிடும். கேமராவைத் தொடவே வேண்டாம், அலமாரியில் கிடக்கும்போதே இது நடக்கும். ரிமோட் விமானம் பறக்கவிடும் ஆட்களுக்கும் இந்த நோய் பழக்கம். பேட்டரிப் பெட்டியின் இரண்டு கம்பிகளில் எதிர்முனைக்குரிய கறுப்புக் கம்பி மட்டும் உள்ளுக்குள் கருத்துப் போவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

செம்பும் களிம்பும் தமிழுக்குப் புதிதல்ல. உயிரை ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் எடுத்துக்கொண்ட உவமையே செம்பில் களிம்புதான். இந்தக் கம்பியில் ஒட்டியதோ வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பழுது பார்க்க உட்கார்ந்தவரை முதலில் ஏமாற்றுவது மல்டிமீட்டர். கம்பியின் மறுமுனையில் வைத்தால் 6 வோல்ட் காட்டும். ஆனால் வெளிச்சம் போதாதபோது எரிய வேண்டிய விளக்கு கேமராவில் எரியாது. இதில் புதிர் ஒன்றும் இல்லை. அரித்த கம்பியில் 100 ஓம் தடை முளைத்திருக்கிறது என்று வையுங்கள். மீட்டர் தனக்காக எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால் அந்தத் தடையில் ஏறக்குறைய எதுவும் இழக்கப்படுவதில்லை. விளக்கு 30 மில்லி ஆம்பியர் கேட்டால் கதை மாறும். 3 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும், விளக்குக்குப் போய்ச் சேருவது பாதிதான். அதனால் சுற்றில் ஏதாவது ஒன்று மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அளந்து பார்க்க வேண்டும்.

கம்பியின் முனையைக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்பின் நிறமே இருக்காது. கரியில் முக்கியெடுத்த மாதிரி இழைகள். அரை சென்டிமீட்டர் வெட்டிச் சீவுங்கள், கறுப்பு. இன்னும் வெட்டுங்கள், கறுப்பு. வெட்டி வெட்டிக் கம்பி தீர்ந்துபோகும். கறுத்த செம்பில், பற்றவைக்கும் ஈயமான சால்டர் பிடிக்காது. உருகிய ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். ஒட்டிவிட்டது போலத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. முழுக் கம்பியையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி. பேட்டரி அறையின் உலோகத் தகட்டைப் பஞ்சில் தொட்ட வினிகரால் துடைக்கலாம், எலுமிச்சைச் சாறும் போதும். நம் வீட்டில் செம்புக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பதும் அமிலத்தின் வேலைதான். ஆனால் அமிலத்தையும் அங்கே தங்கவிடக் கூடாது, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் இன்னொரு முறை துடைத்துவிட வேண்டும்.

இனிப் பற்றவைப்பு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயத்துக்கு 327 வேண்டும். 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயத்தைக் கலந்தால் 183-லேயே உருகிவிடுகிறது. இரண்டில் எது ஒன்றையும்விடக் குறைவு! பக்கத்தில் பிளாஸ்டிக்கும் மற்றக் கம்பிகளின் உறையும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் கேமராவுக்குள் இந்தச் சலுகை பெரிது. சால்டருக்குள் இருக்கும் பைன் மரப் பிசின் முதலில் உருகி, செம்பின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடைத் தின்கிறது. ஒரு சின்னப் புகை, ஊசியிலைக் காட்டின் வாசனை. அடுத்த நொடி, திரண்டு நின்ற வெள்ளித்துளி சட்டென்று இளகி இழைகளுக்குள் ஓடிப் பரவும். அப்போது சூட்டுக்கோலை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு நொடி வைத்தாலும் கம்பியின் உறை சுருங்கும்.

அடித்தகட்டை மூடுவதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. ஃபிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகப்பிலுள்ள அந்தச் சிறு கண்ணை இடது கைவிரலால் பொத்துங்கள். பொத்தானைப் பாதி அழுத்தினால், வெளிச்சம் போதாது என்று மஞ்சள் விளக்கு எரியும். பொத்தானை முழுதாக அழுத்தி, அழுத்திய விரலை எடுக்காமல் பின்பக்கம் வழியாகப் பாருங்கள். இதழ்கள் விரிந்து லென்ஸ் வழியே ஜன்னல் வெளிச்சம் வட்டமாகத் தெரியும். ஒரு நொடி, இரண்டு நொடி, மூடாது. குடம் சொட்டுச் சொட்டாக நிரம்பிக்கொண்டிருக்கிறது. இப்போது கண்ணைப் பொத்திய விரலை மட்டும் எடுங்கள். டக்கென்று மூடும்.