பனிக்காலத்தில் ரோமாபுரி

சென்ற வாரம் ஒரு வழக்கை முன்னிட்டு நாம் சங்கரன்கோவிலுக்குச் சென்றிருந்தோம். அவ்வூர் நண்பர் ஒருவரின் குமாரர், சட்டக் கல்லூரி மாணவர், நம்மைக் காண வந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஐரோப்பா யாத்திரை புறப்படுகிறாராம். “ஐயா, ரோமாபுரியில் இரண்டு தினங்கள்தான் தங்குவோம், அங்கே எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டார். பழைய அரங்கங்களையும் வெற்றி வளைவுகளையும் வழிகாட்டிப் புத்தகங்களே காட்டிவிடும். ஆகவே, அதே பனிக்காலத்தில், அதே இரண்டு தினங்களில், அந்நகரத்தைக் கண்ட மகாத்மாவின் கதையை அவருக்குச் சொன்னோம். நமது வாசகர்களுக்கும் அது பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

1931-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி இரண்டாவது வட்டமேஜை மகாநாடு முடிவுற்றது. சுயராஜ்யம் கேட்கப் போனவர் வெறுங்கையுடன் 5-ந் தேதி லண்டனை விட்டார். பாரிஸைக் கண்டு, ஸ்விட்ஜர்லாந்தில் அறிஞர் ரொமேன் ரோலந்துடன் சில தினங்கள் தங்கி, 12-ந் தேதி ரோமாபுரியை அடைந்தார். ஐரோப்பியர் கம்பளிக்குள் ஒடுங்கும் காலம் அது. மகாத்மாவோ முழத்துண்டும் போர்வையும் செருப்புமாக அந்நகரத்தில் நடந்தார். அவரைக் காவல் செய்ய லண்டனில் அமர்த்தப்பட்ட இரண்டு ஆங்கிலப் போலீஸ்காரர்களும், அவர் விருப்பப்படியே, கூட வந்திருந்தார்கள்.

பாஸிஸ்டுகள் அவருடைய வருகையைத் தங்கள் பெருமைக்குப் பயன்படுத்திக்கொள்வார்களென்று ரோலந்து முன்னரே எச்சரித்திருந்தார். அதனால் மகாத்மா அரசாங்கத்தின் விருந்தினராக இராமல், ஜெனரல் மோரிஸ் என்பவரின் இல்லத்தில் தங்கினார். ஆயினும் வெனிஸியா மாளிகையில் முஸோலினியைச் சந்தித்தார். போப் பதினோராம் பயஸ் அவர்களையோ காண இயலவில்லை. காரணம் பலவிதமாகச் சொல்லப்பட்டது. சர்வாதிகாரியின் வாயில் திறந்தது. சமயத் தலைவரின் வாயில் திறக்கவில்லை!

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு அடுத்த சம்பவம் மிகவும் வெட்கத்தைத் தருகிறது. கெய்தா என்ற இத்தாலியப் பத்திராசிரியர், மகாத்மா தம்மிடம் பேட்டியளித்ததாகவும், சட்டமறுப்பைத் திரும்பத் தொடங்கப் போவதாகக் கூறியதாகவும் வெளியிட்டார். லண்டன் பத்திரிகைகள் அதை எடுத்துப் பரப்பின. அப்படியொரு பேட்டியே அளிக்கவில்லையென்று மகாத்மா கப்பலிலிருந்து தந்தியடித்து மறுக்க நேர்ந்தது. மறுப்பு எவ்வளவு விரைந்தாலும், பொய்யின் பின்னாலேதான் ஓட வேண்டியிருக்கிறது.

மற்றொன்றையும் மறைக்க நாம் விரும்பவில்லை. பிரயாணத்தின்போது ரோலந்துக்கு எழுதிய கடிதத்தில், முஸோலினியின் பல சீர்திருத்தங்கள் தம்மைக் கவர்வதாகவும், குடியானவர்களுக்கு அவர் நன்மை செய்திருப்பதாகத் தோன்றுவதாகவும் மகாத்மா எழுதினார். இரும்புக்கரம் இருப்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் 1935-ல் அந்தக் கரம் அபிஸீனியாவின்மீது பாய்ந்தது. இரண்டு தினங்களில் ஒரு சர்வாதிகார ஆட்சியை அளந்துவிட மகாத்மாவினாலும் முடியவில்லை என்றால், நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! தெருக்கள் சுத்தமாயிருக்கின்றன, ரயில்கள் நேரத்தில் ஓடுகின்றன என்று வியந்து திரும்பும் யாத்திரிகர்கள், அந்த ஊர்ச் சிறைச்சாலைகளில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டறிய வேண்டாமா?

அப்படியாயின் ரோமாபுரியில் மகாத்மா உண்மையாகக் கண்டது எது? வாடிகனில், மைக்கலாஞ்சலோவின் சித்திரங்களால் புகழ்பெற்ற ஸிஸ்டைன் ஆலயத்தில், சிலுவையில் அறையுண்ட ஏசுநாதரின் உருவத்தின் முன்னே அவர் நின்றார், கண்ணீர் பெருகிற்று. அவ்விடத்தை விட்டு அகலவே மனமில்லை என்று பின்னர் எழுதினார். தனி மனிதரைப் போலவே தேசங்களும் சிலுவையின் வேதனையினாலன்றி உருவாக மாட்டா. பிறரைத் துன்புறுத்துவதில் அன்று, தானாக ஏற்ற துன்பத்திலேயே ஆனந்தம் பிறக்கிறது என்பதே அங்கே அவர் கண்ட உண்மை. அது வெறும் சொல்லாக நிற்கவில்லை. 14-ந் தேதி பிரிண்டிஸியில் கப்பலேறி, 28-ந் தேதி பம்பாயில் இறங்கினார். 1932 ஜனவரி 4-ந் தேதி அரசாங்கத்தார் அவரைக் கைது செய்தார்கள். ரோமாபுரிக்கும் எரவாடாச் சிறைக்கும் இடையே மூன்று வாரங்களே!

சங்கரன்கோவிலாருக்கு இவ்வுண்மை அந்நியமானதா? சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாகங்கள் வாதிட்டனவென்பது அத்தலத்துக் கதை. அவ்வழக்கு வாதத்தால் தீரவில்லை. கோமதியம்பாள் தவமிருந்தாள், இறைவன் ஒருபாதி சங்கரனாகவும் ஒருபாதி நாராயணனாகவும் காட்சி தந்தான். ஆண்டுதோறும் ஆடித்தபசுக்குத் திரளும் ஜனங்கள் கொண்டாடுவது அத்தவத்தையே அன்றோ? தவமென்பது தானாக ஏற்ற துன்பம்தானே?

விடைபெறும்போது அம்மாணவரிடம் நாம் சொன்னது இவ்வளவே: “தம்பி, கம்பளிச் சட்டையை மறவாதே, அங்கே குளிர் அதிகம். சக்கரவர்த்திகள் எழுப்பிய கற்களையும் பார். அவற்றைச் சுமந்தவர்களையும் நினைத்துக்கொள். ஸிஸ்டைன் ஆலயத்தில் சற்று அதிக நேரம் நில். ஊர் திரும்பியதும், அங்கே என்ன கண்டாயென்று எம்மிடம் வந்து சொல்.”