அழுத்தும் கைக்குத் தன் கனம் தெரியாது

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்பு வாருவது வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. குனிந்து வாரி, சுமந்து கரையில் கொட்டுகிறவர்களின் இடுப்பும் தோளும் முழங்காலும் எந்நாளும் வலியோடுதான் இருக்கும். வலி தாங்காத இரவுகளில் பேரப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார்கள். மிஞ்சிப்போனால் சுளுக்கு எடுப்பவரிடம் போவார்கள்.

அதே கடற்கரையில் தெற்கே போனால் ஆரோவில். அங்கே ஜப்பானின் விரல் அழுத்தச் சிகிச்சையான ஷியாட்சுவும், அதிலிருந்து பிறந்த நீர்ச் சிகிச்சையான வாட்சுவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முதுகில் மிதிக்கும் பேரனுக்கும் பாடம் படித்த தெரபிஸ்டுக்கும் ஒரே சிக்கல்தான்: அழுத்துகிற கைக்குத் தன் கனம் சரியாகத் தெரிவதில்லை.

2003-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த சுக்விந்தர் ஷெர்கில், டேனியல் வோல்பெர்ட் உள்ளிட்ட குழுவினர் இதை ஒரு எளிய சோதனையில் காட்டினார்கள். இருவர் மாறி மாறி ஒருவர் விரலை மற்றவர் அழுத்த வேண்டும். தனக்குக் கிடைத்த அதே அளவு அழுத்தத்தைத் திருப்பிக் கொடு, கூட்டாதே, குறைக்காதே என்பதுதான் இருவருக்கும் சொல்லப்பட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் சராசரியாக 38 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. இருவருமே நேர்மையாகத்தான் அழுத்தினார்கள். நம் அசைவால் நமக்கு என்ன உணர்வு வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, அந்த அளவைக் கழித்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் காரணம் இதுதான். விரலுக்குப் பதில் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி ஒரு மோட்டார் மூலம் அழுத்தச் சொன்னபோது ஆட்கள் அளவை ஏறக்குறைய சரியாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மசாஜ் தொழிலில் இருக்கும் எவரும் இந்த முடிவை இரண்டு முறை படிக்க வேண்டும். மென்மையாகத்தான் அழுத்துகிறோம் என்று நினைக்கும் கட்டைவிரல் அதைவிடக் கடுமையாக இறங்கியிருக்கலாம். படுத்திருக்கும் வாடிக்கையாளர் அதைச் சொல்வாரா? நம் ஊரில் பெரும்பாலும் சொல்ல மாட்டார். “பரவாயில்லைம்மா, நல்லாத்தான் இருக்கு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

ஆகவே, சொல்லத் தெரிந்த உடம்பு ஒன்று வேண்டும். அது சக தெரபிஸ்டின் உடம்பு. ஒருவர் கொடுக்க, ஒருவர் வாங்க, மூன்றாமவர் நின்று கவனிக்க, பிறகு இடம் மாறிக்கொள்வது நல்ல பயிற்சி முறை. தரையில் விரித்த மெத்தையில் ஒருவர் குப்புறப் படுக்கிறார். முதுகெலும்பின் மேல் படாமல், அதன் இரு பக்கத்துத் தசையில், தோள்பட்டை நடுவிலிருந்து இடுப்பு வரை கட்டைவிரலின் சதைப்பகுதி படிப்படியாக இறங்குகிறது. மூச்சு வெளியேறும்போது அழுத்தம், சில நொடி நிதானம், பிறகு விடுதல். படுத்திருப்பவர் பேசிக்கொண்டே இருப்பார்: “இங்கே நில்லு. வலது கை அவசரப்படுது. இப்ப விரல் நுனி குத்துது.” பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வேறொன்று தெரியும். அழுத்துகிறவரின் தோள் தூக்கியிருக்கிறது, மூச்சை அடக்கியிருக்கிறார், உடல் எடையைச் சாய்ப்பதற்குப் பதிலாக விரல் பலத்தால் தள்ளுகிறார். இந்தப் பழக்கம் தொடர்ந்தால் கட்டைவிரல் மூட்டு கெட்டுப்போகும். மசாஜ் செய்பவர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கட்டைவிரல் வலி பரவலாக இருப்பது தெரிந்த விஷயம். அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப் பக்கத்தில் நிற்கும் தோழியின் கண்தான் உதவும்.

ஷியாட்சுவின் கதையே இப்படி ஒரு உடம்பிலிருந்துதான் தொடங்குகிறது. 1905-ல் பிறந்த தொகுஜிரோ நமிகோஷி சிறுவனாக ஹொக்கைடோ தீவுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தபோது, தாய் மாசாவுக்கு மூட்டுவாதம். மருத்துவ வசதி இல்லாத இடம். எங்கே விறைப்பு, எங்கே சில்லிப்பு என்று விரலால் தேடித் தேடி அழுத்திப் பழகினான் மகன். வளர்ந்தபின் 1940-ல் டோக்கியோவில் பள்ளி தொடங்கினார். 1954-ல் ஜப்பான் வந்த மர்லின் மன்றோவின் வயிற்று வலிக்கு அவரைத்தான் அழைத்தார்கள். இன்று ஜப்பானில் இந்தத் தொழிலுக்கு மூன்றாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் கட்டாயம்.

அடுத்த தலைமுறையில் ஷிசுதோ மசுனாகா ஜென் ஷியாட்சுவை உருவாக்கினார். அதைக் கற்ற அமெரிக்கக் கவிஞர் ஹெரால்டு டல், 1980 வாக்கில் கலிபோர்னியாவின் ஹார்பின் வெந்நீர் ஊற்றில் ஆட்களை மிதக்கவிட்டு அதே நீட்டல்களைச் செய்து பார்த்தார். வாட்சு பிறந்தது. ஆரோவில்லின் கடற்கரையில் உள்ள குவயட் ஹீலிங் சென்டரில் இதற்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள குளத்தில் ஒருவரை இன்னொருவர் கைகளில் தாங்கிக்கொண்டு, அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு அசைக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க வழியே இல்லை. மாணவர்கள் ஜோடி சேர்ந்து, தாங்குவதையும் தாங்கப்படுவதையும் மாறி மாறிப் பழகுகிறார்கள். கழுத்தைத் தாங்கும் கை ஒரு அங்குலம் விலகினாலும் தண்ணீரில் கிடப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இப்படி உடம்பில் செய்து காட்டிக் கற்பது நம் மரபுக்கும் புதிதில்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என அதில் ஒன்பது வகை. வர்ம ஆசான்கள் அழுத்தத்தைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, ஒரு மாத்திரை என்று அளந்தார்கள். அரை மாத்திரை எவ்வளவு என்பதை எந்த ஓலையாலும் விரலுக்குக் காட்ட முடியாது. ஆசான் தன் விரலால் மாணவன் உடம்பில் காட்ட வேண்டும். மாணவன் அதைத் திருப்பிச் செய்து காட்ட வேண்டும்.

பயிற்சி கையைச் சீராக்கும் என்பதால் ஷியாட்சு எல்லா நோயையும் தீர்க்கும் என்று ஆகிவிடாது. 2011-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, அக்குபிரஷருக்கு வலி, குமட்டல் போன்றவற்றில் ஓரளவு சான்று இருப்பதாகவும், ஷியாட்சுவுக்கெனத் தனியாகச் சான்று போதாது என்றும் சொன்னது. ஷியாட்சு பேசும் ஆற்றல் பாதைகளை உடற்கூறியல் கண்டதில்லை. இளைப்பாறுதல், தசை இறுக்கம் தளர்தல் என்ற அளவில் அதை மதிப்பதே நேர்மை.

இந்தியாவில் ஷியாட்சுவுக்கெனத் தனி அரசு உரிமம் இல்லை. சில நாள் வகுப்பு முடித்தவரும் பலகை மாட்டலாம். அதனாலேயே புதுச்சேரி, மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மாதம் ஒரு பிற்பகலாவது ஒன்றுகூடி ஒருவர் கையை ஒருவர் சோதித்துக்கொள்வது அவசியம். மூன்று பேரும் ஒரு பாயும் போதும். மசாஜுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: காலில் ரத்தக்கட்டி, எலும்பு முறிவு, எலும்புத் தேய்மானம், காய்ச்சல், கர்ப்பம் என எது இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். படுத்தபின் வலித்தால், கூச்சப்படாமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.