நடைப்பிணம் பிறந்த தோட்டம்

கணினித் திரையில் ஆடப்பெறும் ஆட்டங்களுள் ஒரு வகை, சென்ற சில ஆண்டுகளாக உலகெங்கும் இளைஞரைப் பெரிதும் ஈர்த்து வருகிறது. அதில் ஒரு தீவோ நகரமோ முழுமையாகப் படைக்கப்பட்டிருக்கும். ஆடுபவன் விரும்பிய திசையெல்லாம் சுற்றித் திரியலாம். இன்ன வழியிலேதான் செல்லவேண்டும் என்னும் கட்டுப்பாடு இல்லை. ஆனால், அங்கே கொடுநோய் ஒன்று பரவி, மாந்தர் உயிரற்ற உடல்களாய் நடமாடிக்கொண்டிருப்பர். அவர்களிடமிருந்து தப்பிப் பிழைப்பதே ஆட்டத்தின் நோக்கம். ஆங்கிலத்தில் ஜோம்பி என வழங்கும் இவ்வுருவத்துக்குத் தமிழில் புதுச்சொல் தேடவேண்டியதில்லை. நடைப்பிணம் என்னும் சொல் நம்மிடம் முன்னரே உண்டு.

போலந்து நாட்டு டெக்லாண்ட் நிறுவனம் உருவாக்கி 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டெட் ஐலண்ட்’ இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பாப்புவா நியூகினியை அடுத்து இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட பனோய் என்னும் தீவில் அதன் கதை நிகழ்கிறது. அதே நிறுவனத்தின் ‘டையிங் லைட்’ 2015-இல் வந்தது. இவற்றில் துப்பாக்கி எளிதில் கிட்டாது. துடுப்பு, இரும்புக் குழாய், சுத்தியல், வெட்டுக்கத்தி என அகப்பட்டதே ஆயுதம். அதுவும் அடிக்க அடிக்கத் தேய்ந்து போகும். பழுது பார்க்கவேண்டும். ஆணியும் கம்பியும் பொறுக்கிச் சேர்த்து அதன் வலிமையைக் கூட்டவும் செய்யலாம். ஆகவே, இங்கே குறிபார்த்துச் சுடும் திறன் முதன்மையானதன்று. கிடந்த பொருளில் மறைந்துள்ள பயனைக் காணும் கண்ணே முதன்மையானது.

இக்கண் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. பால்மரம் வெட்டிய காலத்தில் வாளிகளைத் தாங்கிய காண்டா கம்பு, வழியில் பாம்பு குறுக்கிட்டால் காவற்கோலாகவும் ஆகும். புதர் வெட்டும் பாராங்கே விறகும் பிளக்கும், தேங்காயும் உடைக்கும். உயர்ந்த செம்பனையிலிருந்து குலை அறுக்க நீண்ட கழியில் அரிவாள் பூட்டுவர். தாழ்ந்த மரத்துக்கு உளி போதும். ஒவ்வொன்றும் உழைப்புக்கென்றே பிறந்த கருவி. அதன் கூர்மையைக் கண்டு ஆட்டத்தில் களிப்பவர், அதனைப் பிடித்துக் காய்த்துப்போன கையையும் நினைப்பது நன்று.

பிழைத்திருத்தல் என்பதும் அம்மக்களுக்கு விளையாட்டாக இருந்ததில்லை. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. துணியும் மருந்தும் கிட்டவில்லை. சயாம்–பர்மா ரயில்பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் நோய்க்கும் பசிக்கும் இரையாகித் திரும்பாமலே போயினர்.

இனி, நடைப்பிணம் என்னும் கற்பனை எங்கே பிறந்தது என்பதை ஆராய்வோம். அதுவும் ஒரு தோட்டத்திலேதான் வளர்ந்தது என்பது வியப்பூட்டும் செய்தி. கரிபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பெரும் கரும்புத் தோட்ட நாடாக இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் நடு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள் அங்கே உழைத்து மடிந்தனர். 1791-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, 1804-இல் விடுதலை நாட்டை நிறுவினர். எனினும், பழைய அச்சம் ஒன்று நாட்டுப்புற நம்பிக்கையாய் நிலைத்தது. இறந்தவனை மந்திரவாதி எழுப்பி, அறிவை அடக்கி, ஓயாமல் வேலை வாங்குவான் என்பதே அது. சாவு ஒன்றே ஓய்வு என்றிருந்த அடிமைக்கு, அவ்வோய்வும் பறிபோகும் என்பதைவிடப் பெரிய அச்சம் ஏது? ஹெய்ட்டியின் நடைப்பிணம் பிறரைக் கடித்துத் தின்னும் பேயன்று. கூலியின்றி உழைக்கும் தொழிலாளி!

அமெரிக்கப் படை ஹெய்ட்டியைக் கைப்பற்றியிருந்த காலத்தில் (1915–1934) இக்கதை வெளியுலகை எட்டிற்று. வில்லியம் சீபுரூக் என்பார் 1929-இல் எழுதிய பயண நூல், கரும்புக் கொல்லையில் உழைக்கும் பிணங்களைப் பற்றிக் கூறியது. 1932-இல் வெளிவந்த ‘ஒயிட் ஜோம்பி’ திரைப்படத்தில் அவை சர்க்கரை ஆலையில் செக்குமாடுபோல் சுழன்றன. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்திலோ பிணங்கள் மனிதரைத் தின்னும் கூட்டமாய் மாறின. இன்றைய ஆட்டங்கள் பின்பற்றுவது இவ்வடிவத்தையே. இம்மாற்றத்தில் ஒருவன் மெல்ல மறைந்துபோனான். அவனே பிணத்தை வேலைவாங்கிய எசமானன். எஞ்சியது அடிபடுவதற்குரிய கூட்டம் மட்டுமே. உழைத்தவனின் துயரக் கதை, அவன் கருவியாலேயே அவன் தலையைப் பிளக்கும் ஆட்டமாயிற்று.

ஹெய்ட்டி மக்கள் இக்கதையில் ஒரு மாற்று மருந்தையும் வைத்திருந்தனர். அது உப்பு. நடைப்பிணத்துக்கு உப்பில்லாத உணவையே கொடுப்பர். தப்பித்தவறி உப்பு நாவில் பட்டுவிட்டால், அது தன் நிலையை உணரும். வேலையை விட்டெறிந்து தன் கல்லறையை நாடிச் செல்லும். தமிழர் இதனைக் கேட்டால் புன்முறுவல் பூப்பர். இழிவைப் பொறுத்துக்கொண்டிருப்பவனை நோக்கி, “உப்புப் போட்டுத்தான் சோறு தின்கிறாயா?” என்று கேட்பது நம் வழக்கு. கடல் பல கடந்த இரு மக்கள், உப்பையும் மான உணர்வையும் ஒன்றாகவே கண்டனர்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குரிய செம்பனையை, மலாயாவில் முதன்முதலாக வாணிக நோக்கில் பயிரிட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1917-இல் அவர் பயிரிட்ட இடம் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டம். மலாயாவைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத் துரைக்கு இலக்கியப் புகழ் கிடைத்தது. மரம் நட்டவரும் பால் வெட்டியவரும் பெயரின்றி மறைந்தனர்.

இங்கு வந்த தமிழர் அடிமைகள் அல்லர்; இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பிழை. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் தடைசெய்யப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பது 1938 வரை நடந்தது. கூலி உண்டு, ஊர் திரும்பும் வழியும் உண்டு. ஆயினும், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பேரேட்டில் ஓர் எண்ணாகி, துரைக்கு முன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டிய வாழ்வு, மனிதனை நடைப்பிணமாக்கும் வாழ்வே.

அவர்கள் உப்பை உணர்ந்த ஆண்டு 1941. கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவை கருதத்தக்கவை: பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்துக்குக் காப்பு, துரைக்கு முன் மிதிவண்டி ஓட்டும் உரிமை. மே மாதத்தில் தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டார்; படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போராட்டம் அடக்கப்பட்டது, ஆனால் விழித்த உணர்வு மீண்டும் உறங்கவில்லை.

ஆட்டம் ஆட்டமாகவே இருக்கட்டும். அதனை ஆடும் பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. பாட்டனின் பாராங்கைத் திரையில் கண்டு மகிழும் பேரனுக்கு, அக்கருவியின் கதையையும் நடைப்பிணத்தின் கதையையும் சொல்லி வைப்பது பெரியோர் கடன். எதிரே தள்ளாடி வரும் உருவம் ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளியாக இருந்தது என்பதை அவன் அறிந்துகொள்ளட்டும். அதனை வீழ்த்த எத்தனையோ ஆயுதங்களை ஆட்டம் அவனுக்குக் கற்பிக்கிறது. எழுப்புவதற்கு ஒரு கல் உப்புப் போதும் என்பதை வீட்டார்தாம் கற்பிக்க வேண்டும்.