அப்பாச்சி ஃபிளிங்க் வலை இடைமுகம்

அப்பாச்சி ஃபிளிங்க் வலை இடைமுகம் என்பது, அப்பாச்சி ஃபிளிங்க் என்னும் தரவோடைச் செயலாக்க மென்பொருளில் இயங்கும் பணிகளை உலாவி வழியே கண்காணிக்கவும் மேலாண்மை செய்யவும் உதவும் பகுதியாகும். ஃபிளிங்க், ஜெர்மனியின் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட இசுட்ராட்டோசுபியர் ஆய்வுத் திட்டத்திலிருந்து தோன்றியது. 2014 இல் இது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் சேர்ந்தது.

தேவை

சேமித்து வைத்த தரவைச் செயலாக்கும் நிரல், தரவு தீர்ந்ததும் நின்றுவிடும். வங்கி அட்டைப் பரிமாற்றங்கள் போன்று இடைவிடாது வந்துகொண்டிருக்கும் தரவோடைக்கு முடிவில்லை. எனவே அதனைச் செயலாக்கும் பணி பல மாதங்கள் தொடர்ந்து இயங்கக்கூடும். அது நலமாக இயங்குகிறதா என்பதை ஓட்டத்தின் போதே அறிய வேண்டியுள்ளது.

கண்காணிப்பு

இடைமுகம் இயல்பாக 8081 என்னும் போர்ட் எண்ணில் கிடைக்கும். ஒவ்வொரு பணியும் அம்புக்குறிகளால் இணைக்கப்பட்ட பெட்டிகளாகக் காட்டப்படும். ஒரு பெட்டியின் வேகம் குறைந்தால், அதற்கு முன்னுள்ள பெட்டிகள் தரவை அனுப்ப இயலாமல் காத்திருக்கும். இது பின்னழுத்தம் எனப்படும். 2021 இல் வெளியான 1.13 பதிப்பு முதல் இந்நிலை நிறங்களால் உணர்த்தப்படுகிறது. ஓய்ந்திருக்கும் பெட்டி நீலமாகவும், ஓயாது உழைக்கும் பெட்டி சிவப்பாகவும், பின்னழுத்தத்தால் தேங்கிய பெட்டி கருப்பாகவும் தோன்றும். தடைக்குக் காரணம் பொதுவாகக் கருப்புப் பெட்டி அன்று. அதனை அடுத்துவரும் சிவப்புப் பெட்டியே.

பணியின் அப்போதைய நிலை குறிப்பிட்ட இடைவெளிகளில் நகலெடுத்துச் சேமிக்கப்படுகிறது. இது சோதனைப்புள்ளி எனப்படும். பழுது ஏற்பட்டால் கடைசியாக நிறைவுற்ற சோதனைப்புள்ளியிலிருந்து பணி மீளத் தொடங்கும். ஒவ்வொன்றின் அளவும் எடுத்துக்கொண்ட நேரமும் இடைமுகத்தில் பட்டியலிடப்படும். இந்நேரம் தொடர்ந்து கூடிவருவது பழுதின் முன்னறிகுறியாக இருக்கலாம்.

மேலாண்மை

ஜாவா தொகுப்புக் கோப்பை இடைமுகத்தில் பதிவேற்றிப் புதிய பணியைத் தொடங்கலாம். இயங்கும் பணியை நீக்கவும் செய்யலாம். இவ்வாறு நீக்கும்போது பணியின் நிலை தனியே சேமிக்கப்படுவதில்லை. பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புவோர், கட்டளை வரி மூலம் சேமிப்புப்புள்ளி எடுத்து நிறுத்துவது வழக்கம்.

பாதுகாப்பு

இவ்விடைமுகம் இயல்பு நிலையில் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கேட்பதில்லை. நிரலைப் பதிவேற்றும் வசதியும் இயல்பாகத் திறந்தே இருக்கும். ஆகவே இதனை அணுக முடிந்த எவரும் தமது நிரலை அக்கணினிகளில் இயக்கிவிட முடியும். 1.11.0 பதிப்பில் நுழைந்த வேறொரு குறைபாடு, மேலாளர் கணினியின் கோப்புகளை வெளியார் படிக்க இடமளித்தது. இது 1.11.3, 1.12.0 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டு, 2021 சனவரியில் பொதுவில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் குறைபாடுகளின் பட்டியலில் 2024 மே மாதத்தில் இதனைச் சேர்த்தது. இக்காரணங்களால் இடைமுகத்தை உள் வலையமைப்பிற்குள் வைத்து, அடையாளம் சரிபார்க்கும் பதிலி வழங்கி வழியே மட்டும் திறப்பதும், தேவையற்றபோது பதிவேற்றும் வசதியையும் நீக்கும் வசதியையும் அமைப்புக் கோப்பில் முடக்கிவைப்பதும் நல்லது.