சிக்னல் படங்களின் யோக்கியதை

பூகோளப் படம் ஒன்றைக் கண்டால் அதை நம்புவது மனித சுபாவம். படத்தில் நதி இருந்தால் நிலத்திலும் நதி இருக்கும் என்று கொள்கிறோம். இந்த நம்பிக்கை காரணமின்றி ஏற்பட்டதன்று. 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய 7½ மைல் நீளமுள்ள கோடு ஒன்றைச் சங்கிலி பிடித்து அளந்தார். அந்தக் கோட்டை ஆதாரமாகக் கொண்டு தேசம் முக்கோணம் முக்கோணமாக அளக்கப்பட்டது. முதலில் அளந்தார்கள், பிறகு வரைந்தார்கள், ஆகையால் ஜனங்கள் நம்பினார்கள்.

இன்று கைபேசிக் கம்பெனிகள் வெளியிடும் சேவைப் படங்கள் அவ்வாறு அளந்து வரையப்பட்டவை அல்ல. எந்த ஊரில் தங்கள் சிக்னல் எட்டும், எந்த ஊரில் எட்டாது என்பதை அவை வர்ணம் பூசிக் காட்டுகின்றன. தோற்றத்தில் அவையும் பூகோளப் படங்களே. யோக்கியதை மட்டும் வேறு. இந்த வேற்றுமையைப் பொதுஜன ஊழியர்கள் நன்கு உணர வேண்டும் என்று கருதுகிறோம். ஏனெனில், பொதுப்பணம் எந்தக் கிராமத்துக்குச் செல்ல வேண்டும், எதற்குச் செல்ல வேண்டியதில்லை என்பதை இத்தகைய படங்களைக் கொண்டு தீர்மானிக்கும் வழக்கம் உலகில் ஏற்பட்டுவிட்டது.

இந்தப் படங்கள் எவ்வாறு தயாராகின்றன என்பதை முதலில் கவனிப்போம். கோபுரத்தின் உயரம், அதன் மின்வலு, அலைவரிசை, சுற்றுப்புறத்து மேடு பள்ளம், மரம், கட்டிடம் ஆகிய விவரங்களைக் கணிப்பொறிக்குக் கொடுத்தால், அலை எவ்வளவு தூரம் செல்லும் என்று அது ஒரு சூத்திரத்தின்படி கணக்கிட்டுச் சொல்லுகிறது. ஜப்பானிய நிபுணர் ஒகுமுரா, டோக்கியோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அலைகளை அளந்து, அதன் பலன்களை 1968இல் வெளியிட்டார். ஹாட்டா என்பவர் 1980இல் அவற்றைச் சூத்திரங்களாக அமைத்தார். இவற்றின் வழிவந்த கணக்குகளே இன்றும் கையாளப்படுகின்றன. கோபுரத்தை எங்கே நிறுத்துவது என்று ஆராய்கிற இஞ்சினியருக்கு இவை பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் சூத்திரம் சராசரியைத்தான் சொல்லும். இன்ன தெருவில் இன்ன வீட்டு வாசலில் பேச முடியும் என்று அது சத்தியம் செய்வதில்லை.

அலையின் பலத்தை டெசிபல் கணக்கில் குறிப்பிடுவார்கள். 10 டெசிபல் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்காகும். ‘இங்கே சேவை உண்டு’ என்று சொல்வதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்ற எல்லையைக் கம்பெனி 10 டெசிபல் தளர்த்திக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நிலப்பரப்பில், கோபுரத்தைச் சுற்றி வர்ணம் பூசிய வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடக் கூடும். புதிதாக ஒரு கோபுரமும் எழவில்லை. ஒரு கம்பியும் இழுக்கப்படவில்லை. படத்தில் மாத்திரம் பல கிராமங்கள் சேவை பெற்றுவிட்டன! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் முன்னோர் இதற்காகவே சொல்லிவைத்தார்கள் போலும்.

மேலும், திறந்த வெளியில் நிற்பவனுக்கு எட்டும் அலை, வீட்டுச் சுவருக்குள் இருக்கும் நோயாளிக்கு எட்டாமற் போகலாம். கோபுரம் பல வாட் மின்வலுவுடன் பேசுகிறது; கையிலுள்ள கருவியோ அதிகமாகப் போனால் சுமார் 0.2 வாட் வலுவுடன்தான் பேசுகிறது. ஆகவே கோபுரத்தின் குரல் கிராமவாசிக்குக் கேட்கும். அவன் குரல் கோபுரத்துக்குக் கேட்காது. சர்க்காருக்கும் குடியானவனுக்கும் இடையே இந்த நிலைமை புதிதன்று என்று நம் வாசகர்களில் சிலர் சொல்லக்கூடும். அதை விட்டு விஷயத்துக்கு வருவோம்.

இந்தப் படங்களை நம்பிப் பொதுப்பணத்தைப் பங்கிடப் புகுந்தால் என்ன விளையும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் ஒரு பாடம். கிராமப்புறங்களில் 4ஜி சேவையைப் பரப்புவதற்குப் பத்து ஆண்டுகளில் 453 கோடி டாலர் உதவித்தொகை வழங்குவதென்று அந்நாட்டுப் பெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் 2017இல் முடிவு செய்தது. சேவை இல்லாத இடங்கள் எவை? அதைக் கமிஷன் கம்பெனிகளிடமே கேட்டது. விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் எங்கெங்கே கிடைக்கும் என்று அவை படம் வரைந்து கொடுத்தன. எல்லையோரத்தில் நூற்றுக்கு எண்பது முறை கிடைத்தால் போதும் என்ற சலுகையும் விதியிலேயே இருந்தது. கம்பெனி வர்ணம் பூசிய இடம் உதவித்தொகைப் பட்டியலிலிருந்து நீங்கும். 2018 பிப்ரவரியில் தகுதியுள்ள இடங்களின் படம் வெளியாயிற்று. ஆட்சேபம் உள்ளவர்கள் தாங்களே சோதித்து ருசுப்படுத்தலாம் என்று கமிஷன் அறிவித்தது.

ருசுப்படுத்துவது எளிதா? வெர்மான்ட் என்ற மலைநாட்டு ஸ்டேட் சர்க்கார், தன் ஊழியர் ஒருவரை ஆறு கைபேசிகளுடன் மோட்டாரில் அனுப்பிற்று. அவர் 6,000 மைலுக்கு மேல் சுற்றிச் சோதனை செய்தார். ஒரு ஸ்டேட் சர்க்காருக்கு இது இயலும். முப்பது வீடுகள் உள்ள குக்கிராமத்துக்கு இயலுமா? அப்படியிருந்தும் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் 2 கோடிக்கு மேற்பட்ட சோதனை முடிவுகள் கமிஷன் முன் வந்து குவிந்தன. 2018 டிசம்பரில் கமிஷன் விசாரணை தொடங்கிற்று.

கமிஷனின் சொந்த ஊழியர்களே 12 ஸ்டேட்டுகளில் சுமார் 10,000 மைல் மோட்டாரில் சென்று 24,649 சோதனைகள் நடத்தினார்கள். 2019 டிசம்பரில் வெளியான அவர்களுடைய அறிக்கையின்படி, படம் சொன்ன குறைந்தபட்ச வேகம் 62.3 சதவீதச் சோதனைகளில்தான் கிடைத்தது. கம்பெனிவாரியாகப் பார்த்தால், வெரைஸனுக்கு 64.3 சதவீதம், டி-மொபைலுக்கு 63.2 சதவீதம், யு.எஸ். செல்லுலாருக்கு 45 சதவீதம். வேகக் குறைவு ஒரு புறமிருக்க, சேவை உண்டென்று காட்டிய இடங்களிலேயே 4ஜி அலை அடியோடு கிடைக்காத சோதனைகள் யு.எஸ். செல்லுலாருக்கு 38 சதவீதம், டி-மொபைலுக்கு 21.3 சதவீதம், வெரைஸனுக்கு 16.2 சதவீதம்.

பலன் என்ன? அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2020இல் 900 கோடி டாலர் வரையில் வேறொரு திட்டம் அதன் ஸ்தானத்தில் அறிவிக்கப்பட்டது. மிகைப்படுத்திய படத்துக்காகக் கம்பெனிகள் மீது அபராதம் விதிக்கப்படவில்லை. சேவையின்றித் தவித்த கிராமவாசிக்கோ ஆண்டுகள் வீணாயின. ஏற்கெனவே சிக்னல் இல்லை. ‘உண்டு’ என்று படம் சொல்லிவிட்டதால் முறையிடும் பாத்தியதையும் போயிற்று. இப்படி ஒரே தவறுக்கு ஒருவன் இருமுறை தண்டனை அடைவதை நியாயம் என்று எந்த நீதி ஸ்தலமும் ஏற்காது.

இந்தக் கேட்டுக்கு வேர் எங்கே என்று பார்ப்போம். வழக்கில் பற்றுள்ளவனின் சாட்சியத்தைக் கோர்ட்டார் ஜாக்கிரதையாகவே ஏற்பார்கள். குறுக்கு விசாரணைக்குட்படாத சாட்சியத்தைப் பெரும்பாலும் ஏற்கவே மாட்டார்கள். சேவைப் படம் வரையும் கம்பெனிக்கு இரட்டைப் பற்று உண்டு. படம் பெரிதாக இருந்தால் விளம்பரத்துக்கு நல்லது. தன் வர்ணம் பரவிய இடத்தில் போட்டிக் கம்பெனிக்குச் சர்க்கார் உதவி கிடைக்காமற் போவது இன்னும் நல்லது. இத்தகைய சாட்சியை நம்பித் தீர்ப்பெழுதுவது, வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதையாகவே முடியும். படத்தை மறுக்கும் பாரத்தை வசதியற்ற கிராமத்தின் தலைமேல் ஏற்றியதோ அநீதியின் மேல் அநீதி. அளக்கும் கருவி, ஆட்கள், பணம் எல்லாம் ஒரு பக்கம். ருசுப்படுத்தும் பொறுப்பு மற்றொரு பக்கம்!

அமெரிக்கக் காங்கிரஸ் இதை உணர்ந்து 2020 மார்ச்சில் தனிச் சட்டம் இயற்றிற்று. எல்லாக் கம்பெனிகளும் ஒரே அளவுகோலில் படம் வரைய வேண்டுமென்று அதன்படி விதிக்கப்பட்டது. எல்லையோரத்துக்கு 80 சதவீதம் என்றிருந்த நிபந்தனை 90 சதவீதமாக உயர்ந்தது. புதிய படம் 2022 நவம்பரில் வெளிவந்தது. தனி மனிதனும் தன் கைபேசியிலேயே சோதித்து ஆட்சேபம் அனுப்புவதற்கு வழி பிறந்தது. சட்டம் நல்லது; அது திட்டத்துக்கு முன்னே வந்திருக்க வேண்டும்.

நம் தேசத்திலும் இந்தப் பிரச்னை வாசலுக்கு வந்துவிட்டது. ‘டிராய்’ என்று வழங்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் இயற்றிய சேவைத்தர விதிகளின்படி, 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி ஒவ்வொன்றுக்கும் கம்பெனிகள் தங்கள் சேவைப் படத்தை இணையத்தில் வெளியிட வேண்டும். இதை நாம் மனமார வரவேற்கிறோம். மறைவில் இருந்த கூற்று வெளிச்சத்துக்கு வருவது நன்மையே. ஆனால் இங்கும் படத்தை வரைகிறவை கம்பெனிகளே. பொதுப்பணமும் சிறிதன்று. சேவையற்ற 24,680 கிராமங்களுக்கு 4ஜி அளிப்பதற்காக மத்திய மந்திரி சபை 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்குச் சம்மதமளித்தது. இத்தகைய திட்டங்களுக்காக உள்ள நிதி, கம்பெனிகளின் வருமானத்திலிருந்து எடுக்கப்படும் தீர்வையால், அதாவது முடிவில் நாம் செலுத்தும் கட்டணத்தால், நிரம்புவது. நாளை எந்தக் கிராமம் பட்டியலில் சேரும், எது நீங்கும் என்பதற்கு இந்தப் படங்கள் சாட்சியாகக் கொண்டுவரப்பட மாட்டா என்று யார் உறுதி சொல்ல முடியும்?

இது பேச்சு வசதியைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. கிராம வேலைத் திட்டத்தில் கூலியாட்களின் வருகையைக் கைபேசி மூலம் பதிவு செய்வது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. பாங்கிக் கணக்கைத் தொடுவதற்கு வரும் ரகசிய எண்ணும், பிரசவ வேதனையில் ஆம்புலன்ஸை அழைக்கும் 108 என்ற எண்ணும் இதே சிக்னலை நம்பியிருக்கின்றன. சேவையில்லாத கிராமம் இன்று சர்க்காரின் கண்ணுக்குப் பாதி மறைந்த கிராமமாகும்.

ஆகவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, எத்தனை டெசிபல் பலத்தைச் ‘சேவை’ என்று கொண்டார்கள், அது வெளியிலா, வீட்டினுள்ளா, அனுப்பும் வேகம் என்ன என்பவற்றைப் படத்தின் முகப்பிலேயே சாதாரண ஜனங்களுக்கு விளங்கும் தாய்மொழியில் அச்சிட வேண்டும். இரண்டாவது, டிராய் ஸ்தாபனம் நகரங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் நடத்தும் சோதனை ஓட்டங்களை மலைப்பாதைகளுக்கும் வனத்தோரக் கிராமங்களுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் விஸ்தரித்து, படத்தையும் அளவையும் அருகருகே வைத்து வெளியிட வேண்டும். மூன்றாவதும் முக்கியமானதும் இது: ‘எங்கள் ஊரில் சேவை இல்லை’ என்று கிராம சபை தீர்மானம் நிறைவேற்றினால், குறித்த காலத்துக்குள் நேரில் வந்து அளந்து அதை மறுக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியைச் சார வேண்டும். மறுக்கத் தவறினால், அந்தக் கிராமம் சேவையற்றது என்றே கொள்ளப்பட வேண்டும்.

ஒவ்வோர் அங்குலத்தையும் அளப்பது அசாத்தியம் என்று கம்பெனிகள் ஆட்சேபிக்கக் கூடும். அது உண்மையே. மழையும் மரமும் கூட்டமும் அலையை மாற்றும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாம் கேட்பது ஒவ்வோர் அங்குலத்தையும் அளக்கும்படி அன்று. மறுக்கப்பட்ட இடத்தை அளக்கும்படிதான். அனுமானத்தை அனுமானம் என்று சொல்லி வெளியிட்டால் ஒருவரும் குறை கூறார். அதை அத்தாட்சி என்று நீட்டும்போதுதான் பரிசோதனை கேட்கிறோம்.

இதற்கிடையில் நம் ஊழியர்கள் சும்மா இருக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கிராம சபைகள் கூடுகின்றன. அதற்கு முன்பாகத் தங்கள் ஊரில் தெருவாரியாக, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி ஆகிய இடங்களில் சிக்னல் கிடைக்கிறதா என்று சோதித்து, தேதி, நேரம், கம்பெனியின் பெயர் ஆகியவற்றுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்து, கம்பெனியின் படத்துடன் ஒப்பிட்டுச் சபை முன் வைக்கட்டும். தீர்மானத்தின் பிரதியை ஜில்லா கலெக்டருக்கும் டிராய் ஸ்தாபனத்துக்கும் அனுப்பட்டும். லாம்டன் கையிலிருந்த சங்கிலி நம்மிடம் இல்லாவிட்டாலும், ஊரை நேரில் அளந்து பார்க்கும் கால்கள் நமக்கு இருக்கின்றன.