புறாத்தீவுக் கடலில் ஒரு காலைப்பொழுது

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு அமைந்துள்ளது. கரையிலிருந்து நோக்குவோர்க்கு அது கற்கள் குவிந்த ஒரு திட்டாகவே தோன்றும். அப்பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதால் அப்பெயர் வாய்த்தது. நகரத்துக் கூரைகளில் நாம் காணும் புறாக்களுக்கு மூதாதையர் இக்காட்டுப் புறாக்களே. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் பிரித்தானியக் கடற்படையினர் இத்தீவைச் சுட்டுப் பழகும் இலக்காகப் பயன்படுத்தினர். பின்னர் 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அது பாதுகாப்புப் பெற்றது.

என் கணவர் இளமையில் அங்கே நீந்தியவர். மாரடைப்பு ஏற்பட்டு, இதயக் குருதிக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு ஏழு மாதங்கள் கடந்த பின்னர், அவர் விரும்பிக் கேட்டது இதனை மட்டுமே: இன்னொரு முறை அந்த மீன்களைக் காண வேண்டும். நான் வேண்டாம் என்றேன். "வைத்தியரைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லும்" என்றார்.

வைத்தியர் உடனே மறுக்கவில்லை. உடனே இசையவும் இல்லை. உடல் நீரில் அமிழும்போது கால்களிலுள்ள குருதி மார்பை நோக்கித் தள்ளப்படுகிறது. அதனால் இதயத்தின் சுமை கூடுகிறது. குழாய் வழியாக மூச்சு வாங்குவதும் சிறிது கூடுதலான உழைப்பே. இவற்றை விளக்கிய அவர், நடைப்பொறியில் நடக்கவிட்டு இதயத்தைப் பரிசோதித்த பின்னரே அனுமதி அளித்தார். உயிர்காப்பு அங்கி அணிதல் வேண்டும்; மூச்சடக்கி ஆழத்திற்குச் செல்லலாகாது; தனியே நீந்தலாகாது; நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ அக்கணமே கரையேற வேண்டும். குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்வதால், சிறு கீறலிலும் குருதி நீண்ட நேரம் வடியும் என்றும் எச்சரித்தார். செவிப்பறையில் துளை உள்ளவர்களும் வலிப்பு நோயாளரும் இதனை வைத்தியரிடம் தவறாது கூற வேண்டும்.

கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையிலான பருவமே இதற்கு உகந்தது. நாங்கள் ஜூலையில், காலையிலேயே படகேறினோம். ஆழம் குறைந்த நீரில் முகத்தை அமிழ்த்திய மறுகணம் வேறோர் உலகம் விரிந்தது. மான்கொம்பு போலக் கிளைத்த முருகைக்கற்கள். அவற்றின் நடுவே மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி மீன்கள். கிளிமீன்கள் முருகைக்கல்லைச் சுரண்டும் ஓசைகூட நீருக்குள் கேட்டது. பிறகு கரும்முனைச் சுறா ஒன்று, முதுகுச் செட்டையின் நுனியில் மை தோய்த்தாற்போல், எங்களைப் பொருட்படுத்தாது கடந்து சென்றது. அது கூச்ச சுபாவமுள்ள இனம்; துரத்தாமலும் உணவிடாமலும் விட்டால் தன்வழியே போய்விடும். என் பார்வையோ சுறாவைவிடக் கணவரின் மூச்சுக்குழாயிலேயே நிலைத்திருந்தது. இருபது நிமிடங்களில் அவர் தாமாகவே கைகாட்டிக் கரையேறினார். முகம் மலர்ந்திருந்தது; மூச்சும் சீராகவே இருந்தது.

தவறு என் பக்கத்தில் நேர்ந்தது. எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. பாதங்களில் உணர்வு குறைவு. அவருடைய மாத்திரைகள், குடிநீர், குடை என அனைத்தையும் நினைவாக எடுத்துவைத்த நான், எனக்கான தடித்த காலணியை மறந்துவிட்டேன். அத்தீவின் கரையில் மணலைக் காட்டிலும் உடைந்த முருகைக்கல் துண்டுகளே மிகுதி. படகிலேறிய பின்னரே, பலகையில் குருதித் தடம் இருப்பதைக் கணவர் கண்டார். வலியே தெரியவில்லை.

முருகைக்கல் காயத்தில் நுண்துகள்கள் தங்கிவிடும். வெப்பமான கடல்நீரிலுள்ள கிருமிகள் நீரிழிவு நோயாளரையும் ஈரல் நோயாளரையும் கடுமையாகத் தாக்கக்கூடும். ஆகவே கரை சேர்ந்ததும் தூய நன்னீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் சென்றோம். "அவருடைய இதயத்தைப் பார்த்தீர்கள், உங்கள் காலைப் பார்க்கவில்லையே அம்மா" என்றார் தாதி. பராமரிப்பவர்கள் பலருக்கும் அவர் இதைச் சொல்லியிருப்பார் போலும்.

காயம் ஆற ஆறு வாரங்கள் சென்றன. கட்டு மாற்றச் செல்லும்போதெல்லாம் கணவர் உடன்வந்து, தாம் கண்ட சுறாவின் நீளத்தைத் தாதியிடம் கூறுவார். அது வாரந்தோறும் ஓர் அடி வளர்ந்து வந்தது.