வெள்ளைக்குத் திரும்பிய சிவப்புக் கார்

பழைய கார் ஒன்றுக்குப் புதுச்சாயம் பூசிப் பளபளக்கச் செய்வது எளிது. ஆனால், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதை மீட்பது எளிதன்று. அதற்கு உலோகவியல், வேதியியல், வரலாறு மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காரின் கதையைக் கொண்டு இதைக் காண்போம்.

பாடகரின் கார்

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1958 முதல் 1960 வரை ஜெர்மனியில் இராணுவ வீரராகப் பணியாற்றினார். 1958 டிசம்பரில், பிராங்பர்ட் நகரில், பி.எம்.டபிள்யூ. 507 என்ற வெள்ளை நிறப் பந்தயக் கார் ஒன்றை அவர் பெற்றார். ஹான்ஸ் ஸ்டக் என்ற பந்தய வீரர் முன்பு ஓட்டிய கார் அது. 8 சிலிண்டர்கள், 3.2 லிட்டர் கொள்ளளவு, 150 குதிரைத் திறன் கொண்ட அலுமினிய எஞ்சின் அதற்கு இருந்தது. இந்த வகைக் கார்கள் மொத்தமே ஏறக்குறைய 250தான் செய்யப்பட்டன.

எல்விஸின் ரசிகைகள் அந்த வெள்ளைக் காரின் மீது உதட்டுச் சாயத்தால் அன்புச் செய்திகளை எழுதி வைத்தார்களாம். தொல்லை தாங்காமல் அவர் காருக்குச் சிவப்பு வண்ணம் பூசச் செய்தார் என்று கூறுவர்.

பின்னர் கார் அமெரிக்காவுக்குச் சென்று கை மாறியது. பந்தயத்துக்காக அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தின் எஞ்சினைப் பொருத்தினார்கள். 1968இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் அதை வாங்கினார். பல ஆண்டுகள் அது பூசணிக்காய் வைக்கும் கிடங்கு ஒன்றில் முடங்கிக் கிடந்தது. உலகமோ அதைத் தொலைந்துபோன கார் என்றே நினைத்தது. அதை அடையாளம் காட்டியது சட்டத்தில் பொறித்திருந்த 70079 என்ற எண். நிறம் மாறலாம், எஞ்சின் மாறலாம், அந்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேடும் ஒத்துப்போனால் ஐயத்துக்கு இடமில்லை.

2014இல் கார் ஜெர்மனியின் மூனிக் நகருக்கு வந்து சேர்ந்தது. பழுதுபட்ட நிலையிலேயே முதலில் அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதன்பின் மீட்புப் பணி தொடங்கியது.

துருப்பிடிக்கும் உலோகமும் பிடிக்காததும்

இந்தக் காரின் மேலுடல் அலுமினியத்தால் ஆனது. தரைப்பகுதியோ எஃகுத் தகடு. இரண்டையும் தனித்தனியே பிரித்தால்தான் வேலை நடக்கும். ஏன்?

இரும்பு காற்றிலும் ஈரத்திலும் துருவாக மாறுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பொருக்குப் பொருக்காக உதிரும். அடியிலுள்ள புதிய இரும்பும் அரிக்கப்படும். அலுமினியத்தின் மீது படியும் ஆக்சைடு அப்படியன்று. மெல்லிய, இறுக்கமான போர்வையாக அது உலோகத்தைக் காக்கிறது.

ஆனால், அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு கலந்த நீர் தேங்கினால் என்ன ஆகும்? அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிவிடும்! அதில் அலுமினியம் கரைந்துபோகும். பள்ளி ஆய்வகத்தின் எளிய மின்கலத்தில் துத்தநாகத் தகடு தேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிகழ்ச்சிதான் இது.

பழைய வண்ணத்தை நீக்குவதிலும் எச்சரிக்கை தேவை. எஃகின் மீதுள்ள வண்ணத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் அமிழ்த்தி நீக்கலாம். அலுமினியத்தை அதில் இட்டால் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். உலோகமே கரையத் தொடங்கும். எந்த உலோகம் என்று அறிந்தே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுத்தியலும் புகைக்கரியும்

507இன் உடல் கையால் தட்டிச் செய்யப்பட்டது. ஆகையால் ஒரு காருக்காகச் செய்த மேற்கூரை மற்றொரு காருக்குச் சரியாகப் பொருந்தாது! நசுங்கிய தகட்டைக் களைந்துவிட்டு வேறொரு காரின் தகட்டை மாட்டுவது இங்கே உதவாது.

அலுமினியத் தகட்டைத் தட்டத் தட்ட அது கடினமாகிறது. மேலும் தட்டினால் விரிசல் விடும். சூடேற்றி மெல்ல ஆறவிட்டால் மீண்டும் இளகிய தன்மை பெறும். ஆனால், எஃகைப் போல அலுமினியம் செந்நிறமாகி நம்மை எச்சரிப்பதில்லை. 660 டிகிரி செல்சியஸில் திடீரென்று உருகி விழுந்துவிடும். அனுபவமுள்ள கொல்லர்கள் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். அசிட்டிலீன் சுடரின் புகைக்கரியைத் தகட்டின் மீது முதலில் படியவிடுவார்கள். பிறகு சீராகச் சூடேற்றுவார்கள். கரி எரிந்து மறைந்ததும் சுடரை விலக்கிவிடுவார்கள். அந்தக் கரியே அவர்களுக்கு வெப்பமானி!

பழைய உருவம், புதிய கருவி

காணாமற்போன எஞ்சினுக்குப் பதிலாக, உதிரிப் பாகங்களைச் சேர்த்து அதே வகை எஞ்சின் ஒன்றை மூனிக் வல்லுநர்கள் உருவாக்கினார்கள். கதவுக் கைப்பிடியையும் கண்ணாடியை ஏற்றியிறக்கும் கைப்பிடியையும் முப்பரிமாண அச்சு முறையில் செய்தார்கள். ஒரு பாகத்தின் உருவத்தைக் கணினியில் அமைத்து, பொருளை மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் முறை இது. ஒன்றிரண்டு பாகங்களே தேவைப்படும்போது இதற்காக விலையுயர்ந்த வார்ப்புகள் செய்ய வேண்டியதில்லை. இறுதியாக, தொழிற்சாலையில் முதலில் பூசியிருந்த வெள்ளை நிறமே பூசப்பட்டது. 2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த பழங்கார் விழாவில் கார் காட்சிக்கு வந்தது. பூசணிக் கிடங்கில் அதைப் பல்லாண்டுகள் காத்த பொறியாளர் அதைக் காண உயிருடன் இல்லை.

எது அசல்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எஞ்சின் வேறு, கைப்பிடிகள் புதியவை. சிவப்பு நிறமும் அந்தக் காரின் வரலாறுதானே? அதை அழித்தது சரியா? இதற்கு எல்லோரும் ஒப்பும் விடை இல்லை. ஆயினும் நல்ல வல்லுநர்கள் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். காப்பாற்ற முடிந்த பழைய பாகத்தை எறியக் கூடாது. மாற்றிய ஒவ்வொன்றையும் படமெடுத்துக் குறித்து வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் தாத்தாவின் கடிகாரமோ, ரேடியோவோ பழுதாகிக் கிடக்கிறதா? திருப்புளியை எடுப்பதற்கு முன் காகிதமும் பென்சிலும் எடுங்கள். எந்தத் திருகு எங்கே இருந்தது என்று வரைந்து வையுங்கள். மூனிக்கில் நடந்த பெரிய வேலையும் அவ்வாறு ஒவ்வொரு பாகமாகக் கவனித்துக் கழற்றியதில்தான் தொடங்கியது.